உச்சி வகிடும் கன்னத்து மங்கும்

கொங்கு நாட்டில் எந்த விசேஷத்துக்குப் போனாலும், அது எழுதிங்கள் சீரோ, காதுகுத்தோ, புதுமனை புகுவிழாவோ, ஐம்பதை ஒட்டிய பெண்களை வரவேற்கும்போதே ஒரு கேள்வியும் சேர்ந்து வந்துவிடுகிறது. "ஏனுங்க அக்கா, இப்பிடிக் கருத்துப் போயிட்டீங்க?" என்பார்கள். இல்லையென்றால், "என்னுங்க அம்மிணி, அத்தன முடியும் எங்க போச்சு?" என்பார்கள். கேட்பவர் மனத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இருப்பதில்லை. மரியாதைக்கும் ஒரு குறைவு கிடையாது. நாம் சொல்லும் பதிலும் எப்போதும் ஒன்றுதான்: "வயசாகுதுல்லீங்க." இருவரும் சிரித்துக்கொண்டே பந்திக்குப் போய்விடுகிறோம்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயதாகிறது. என் தலையிலும் முகத்திலும் நடந்தவற்றையும், என் அக்காவுக்கும் நங்கையாளுக்கும் உடன் வேலை பார்க்கும் பெண்களுக்கும் நடந்தவற்றையும் சேர்த்து யோசிக்கும்போது, அந்தப் பதில் பெரும்பாலும் தவறானது என்றே படுகிறது. வயதின் தலையில் நாம் கட்டிவிடும் மாற்றங்களில் பல, உடம்புக்குள் கவனிக்கப்படாமல் கிடக்கும் வேறொரு குறையால் வந்தவை. இன்னும் பல, வயதை மறைப்பதற்காக நாமே காசு கொடுத்து வாங்கிப் பூசியவற்றால் வந்தவை. இவை இரண்டையும் கழித்துவிட்டால் வயது தன் பங்குக்குச் செய்வது நாம் அஞ்சும் அளவுக்குப் பெரிதாக இல்லை.

ஆனாலும் வயது ஒன்றுமே செய்வதில்லை என்று சொல்லிவிட முடியாது. இந்தியப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் சராசரி வயது 46, 47 என்ற அளவில் இருக்கிறது. மேலை நாட்டுப் பெண்களைவிட நான்கைந்து ஆண்டுகள் முன்னதாகவே நமக்கு நின்றுவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதமும் வேகமாகக் குறைகிறது. மாதவிலக்கு நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் தோலிலுள்ள கொலாஜனில் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடுவதாகவும், அதன் பிறகு ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் வீதம் குறைவதாகவும் மருத்துவ நூல்கள் சொல்கின்றன. எண்ணெய்ச் சுரப்பிகளும் மந்தமாகின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் அடிக்கும் காற்று, மலைக்கு அந்தப் பக்கமே மழையை இறக்கி வைத்துவிட்டு வெறும் காற்றாக நம் பக்கம் வருவதால், பல்லடம், தாராபுரம் பக்கத்துப் பெண்களுக்குக் கை கால்களில் செதில் செதிலாகத் தோல் உரியத் தொடங்கும். இளவயதில் கடலை மாவு தேய்த்துக் குளித்தால் பளபளத்த தோல், இந்த வயதில் அதே கடலை மாவுக்கு வெடிக்கிறது. சோப்பைக் குறைத்து, குளித்து முடித்த ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ சாதாரண மாய்ஸ்சரைசரோ பூசிக்கொண்டால் இதில் பெரும்பகுதி சரியாகிவிடும். இதற்கு விலை உயர்ந்த எதுவும் தேவையில்லை.

சுருக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தொலைக்காட்சியில் வரும் முதுமை எதிர்ப்புக் களிம்புகள் எல்லாம் கண்ணோரச் சுருக்கத்தையே காட்டிப் பயமுறுத்துகின்றன. நம் தோலுக்கு நிறம் தரும் மெலனின் வெயிலை ஓரளவு தடுத்துவிடுவதால், வெள்ளைத் தோலினரைக் காட்டிலும் நமக்குச் சுருக்கங்கள் பல ஆண்டுகள் தாமதித்தே விழுகின்றன. அதே மெலனின், தூண்டப்பட்ட இடங்களில் அளவுக்கு மீறிச் சேர்ந்துகொள்வதால், நம் முகத்தில் வயது முதலில் நிற வேறுபாடாகவே தெரிகிறது. கன்னத்தில் மங்கு, கண்ணைச் சுற்றிக் கருமை, நெற்றியோரத்தில் நிழல் என்றுதான் நமக்கு அது தொடங்கும். யாருக்கோ இருக்கும் கவலைக்குத் தயாரித்த களிம்பை நாம் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் முடிக்கு வருகிறேன், ஏனென்றால் நம் பெண்களை அதிகம் அழவைப்பது அதுதான். தலையில் உள்ள ஒவ்வொரு முடியும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை வளர்ந்து, பிறகு ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஓய்வில் இருந்து, விழுந்து, அதே வேரிலிருந்து புதிதாக முளைக்கிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை விழுவது இயல்பு. கடுமையான காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், பெரிய துக்கம் ஆகியவற்றுக்குப் பின்னால், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் கணிசமானவை ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. இரண்டு மூன்று மாதங்கள் கழித்து அவை கொத்துக் கொத்தாக விழுகின்றன. 2006-ல் சிக்குன்குனியா வந்தபோதும், 2021-ல் கொரோனா வந்தபோதும் ஊரெல்லாம் பெண்கள் சீப்பைக் காட்டிப் புலம்பியது இதனால்தான். காய்ச்சல் வந்ததை அதற்குள் மறந்துவிட்டிருப்போம் என்பதால் பழி முழுவதும் ஷாம்பூவின் மீதும், குழாயில் வரும் உப்புத் தண்ணீரின் மீதும் விழுகிறது. உப்புத் தண்ணீர் முடியைக் கரடுமுரடாக்கும், சிக்கலாக்கும், வேரைப் பிடுங்கிவிடாது. காய்ச்சலால் விழுந்த முடி பெரும்பாலும் ஆறேழு மாதங்களில் தானாகவே திரும்பி வந்துவிடும். அந்த இடைவெளியில் எந்த எண்ணெயைத் தேய்த்துக்கொண்டிருந்தோமோ அந்த எண்ணெய்க்குப் புகழ் போய்ச் சேரும். எங்கள் ஊரில் மூலிகைத் தைலம் காய்ச்சி விற்கும் ஒருவர் இந்த ஒரு கணக்கிலேயே மாடி வீடு கட்டிவிட்டார்.

அடுத்தது, நாற்பதுகளில் நடக்கும் இன்னொரு முடி உதிர்தல். இதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில் பல பெண்களுக்கு உதிரப்போக்கு மிகுதியாகிறது. பத்து நாள், பதினைந்து நாள் என்று நீள்கிறது. "நிக்கற காலத்துல அப்பிடித்தானுங்க இருக்கும்" என்று மாமியாரும் சொல்வார், பக்கத்து வீட்டு அக்காவும் சொல்வார். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் அப்படியே ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொண்டார். அவர் வெளியில் சொன்ன குறை ஒன்றே ஒன்றுதான்: முடி கொட்டுகிறது. அதற்காகச் செம்பருத்தியும் கரிசலாங்கண்ணியும் போட்ட எண்ணெய், வெங்காயச் சாறு, பயோட்டின் மாத்திரை என்று எல்லாம் பார்த்துவிட்டார். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியதைக்கூட வயதின் கணக்கிலேயே வைத்திருந்தார். கடைசியில் ஒரு மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புச் சத்துக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் தரைமட்டத்தில் இருந்தன; கருப்பையில் கட்டி இருந்தது. அதற்கு வைத்தியம் செய்து, இரும்புச் சத்து ஏறிய பிறகுதான் முடி கொட்டுவது நின்றது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தச் சோகை இருக்கிறது. அப்படியிருக்க, முடி கொட்டுகிறது என்று வரும் பெண்ணுக்கு முதலில் எழுத வேண்டியது இரத்தப் பரிசோதனைச் சீட்டுதான். ஃபெரிட்டின், தைராய்டுக்கான டிஎஸ்எச், சர்க்கரை, பி12 ஆகிய இவற்றைப் பார்ப்பதற்கு ஆகும் செலவு, நம்மில் பலர் ஓராண்டில் தைலங்களுக்குக் கொடுக்கும் பணத்தைவிடக் குறைவு. மாதவிலக்கு நின்று ஓராண்டு ஆன பிறகு ஒரு துளி உதிரம் பட்டாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதை அழகுக் குறிப்போடு சேர்ப்பதா என்று யாரும் கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும்.

இவை எதுவும் இல்லாமல் வகிடு மட்டும் மெல்ல மெல்ல அகன்றுகொண்டே போவது வேறு வகை. ஆண்களுக்கு முன்நெற்றி ஏறும். பெண்களுக்கு முன்வரிசை பெரும்பாலும் அப்படியே இருக்க, உச்சி வகிட்டின் இரு பக்கமும் முடி மெலிந்து மண்டைத் தோல் தெரியத் தொடங்கும். இது பரம்பரையாலும் ஹார்மோன்களாலும் வருவது; ஒவ்வொரு சுற்றிலும் முடி முந்தையதைவிட மெல்லியதாக முளைக்கிறது. எனக்கு இருப்பது இதுதான். என் அம்மாவுக்கும் இருந்தது. அவர் கொண்டைக்குள் சவுரி வைத்துச் சமாளித்தார். இதற்கு ஓரளவு பயன் தருவதாக நிரூபிக்கப்பட்ட வெளிப்பூச்சு மருந்து மினாக்சிடில். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாகக் கொடுக்கப்பட்டபோது உடம்பில் முடி வளர்ந்ததைக் கவனித்துத்தான் பிறகு அதைத் தலைக்குக் கொண்டுவந்தார்கள். தொடங்கிய முதல் சில வாரங்களில் உதிர்தல் கூடும்; பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகும்; நிறுத்தினால் பலனும் நின்றுவிடும்; சிலருக்குக் கன்னத்தில் பூனைமுடி வளரும். இவற்றையெல்லாம் மருந்து எழுதும்போதே சொல்லிவிட்டால், மூன்றாம் வாரம் பயந்துபோய்ப் பாட்டிலை வீசியெறிபவர்கள் குறைவார்கள்.

அப்படியென்றால் நம் எண்ணெய்கள் வீணா என்று கேட்பார்கள். பொள்ளாச்சியும் காங்கேயமும் இருக்கும் நாட்டில் தேங்காய் எண்ணெயைக் குறைத்துச் சொல்லிவிட்டு வீடு திரும்ப முடியுமா? 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டபோது, முடியிழைக்குள் ஊடுருவிச் சென்று, அலசும்போது புரதம் கரைந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றுதான் என்று கண்டார்கள். ஆகவே இருக்கும் முடி உடையாமல் இருக்க அது உதவும். இல்லாத முடியை முளைக்க வைக்காது. அரப்புத்தூளும் அப்படித்தான். உசிலை இலையைக் காயவைத்து இடித்த அந்தத் தூளைப் போட்டுத் தலை முழுகினால் எண்ணெய்ப் பிசுக்கு போகும், தலை குளிர்ச்சியாக இருக்கும், சிறுவயதின் வாசனையும் வரும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இந்த இடத்தில் பழனியைச் சொல்லாமல் போக முடியவில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் வேண்டுதலுக்குப் பூமுடி கொடுப்பார்கள். சிலர் முழு மொட்டையே போட்டுக்கொள்வார்கள். எனக்குத் தெரிந்த ஓர் அத்தை, மகன் விபத்தில் உயிர் பிழைத்ததற்காக மொட்டை போட்டார். இடுப்புக்குக் கீழே இருந்த கூந்தல் அவருடையது. அதன் பிறகு வந்த விசேஷங்களில் ஒருவர்கூட அவரிடம் "முடி எங்க போச்சு?" என்று கேட்கவில்லை; கையெடுத்துக் கும்பிட்டார்கள். சந்தனம் பூசிய அந்தத் தலையோடு அவர் பந்தியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அதே மண்டபத்தில் வகிடு அகன்ற நாங்கள் மல்லிகைச் சரத்தை இழுத்து இழுத்து உச்சியை மூடிக்கொண்டிருந்தோம். முடி இல்லாமை நம்மைச் சுட்டதாக எனக்குத் தோன்றவில்லை. காரணம் கேட்டால் சொல்வதற்குக் கௌரவமான ஒரு காரணம் இல்லாமல் போனதுதான் சுட்டது. (மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக முளைக்கும் என்பதில் உண்மை இல்லை. வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. மேலே சிரைப்பது அதற்குத் தெரியாது.)

நரைக்குச் சாயம் அடிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் அடித்துக்கொண்டிருந்தவள்தான், சலித்துப்போய் நிறுத்தினேன், அவ்வளவுதான். என் வீட்டுக்காரரின் நரையைப் பார்த்து 'பெரிய மனுசன் களை' என்று சொன்ன அதே வாய்கள், என் நரையைப் பார்த்து உடம்பு சரியில்லையா என்று விசாரித்தன. அதைப் பொருட்படுத்தாதவர்கள் விட்டுவிடலாம், பொருட்படுத்துபவர்கள் அடித்துக்கொள்ளலாம். ஆனால் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். முடியைக் கருப்பாக்கும் பெரும்பாலான சாயங்களில் பாரா-ஃபினைலீன்டயமின், சுருக்கமாகப் பிபிடி, என்ற பொருள் இருக்கிறது. 'அம்மோனியா இல்லாதது' என்று அட்டையில் போட்டிருந்தால் அம்மோனியா மட்டும்தான் இல்லை, பிபிடி இருக்கலாம். மருதாணி தனியாக முடிக்குச் செம்பட்டை நிறத்தைத்தான் தரும். மருதாணிக்குப் பிறகு அவுரிப் பொடியைப் போட்டால்தான் அது கருமையை நெருங்கும். 'கருப்பு மருதாணி' என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் பலவற்றுக்குக் கருப்பைத் தருவது இந்தப் பிபிடிதான். இதற்கு ஒவ்வாமை வந்தால் ஓரிரு நாட்களில் தலை அரித்து, நீர் கசிந்து, கண் இமைகள் வீங்கிவிடும். பல ஆண்டுகள் ஒத்துக்கொண்ட சாயம் ஒருநாள் திடீரென ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஒருமுறை அப்படி ஆகிவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் ஒத்துக்கொள்ளாது. அரிப்பு பெரிதாக இல்லாமலே, நெற்றி விளிம்பிலும் கன்னப்பொறியிலும் சாம்பல் கலந்த கருமையாக மட்டும் அது படர்வதும் உண்டு. அந்தக் கருமையை வெயிலின் மீதும் வயதின் மீதும் போட்டுவிட்டு, அதை மறைக்க இன்னொரு களிம்பு வாங்கி, முடிக்கு அதே சாயத்தைத் தொடர்ந்து அடித்துக்கொண்டிருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். புதிய சாயம் எதுவாக இருந்தாலும் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ ஒரு சொட்டு வைத்து 48 மணி நேரம் பார்த்துவிட்டு அடிக்க வேண்டும் என்று பொட்டலத்திலேயே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த எழுத்தைப் படிக்கக் கண்ணாடி தேவைப்படும் வயதில்தான் நமக்குச் சாயமும் தேவைப்படுகிறது.

இனி மங்கு. இரண்டு கன்னத்திலும், மேலுதட்டின் மேலும், நெற்றியிலும் பழுப்பு நிறத்தில் படரும் இது கர்ப்ப காலத்தில் தொடங்கலாம், கருத்தடை மாத்திரையால் வரலாம், குடும்பத்திலேயே இருக்கலாம். எப்படி வந்தாலும் அதை வளர்த்துவிடுவது வெயில். இது நோய் என்று சொல்லும் அளவுக்குத் துன்பம் தருவதில்லை. வலிக்காது, அரிக்காது, பிறருக்குத் தொற்றாது. இதற்குச் செய்யும் வைத்தியம்தான் நம் பெண்களின் முகத்தைக் கெடுத்திருக்கிறது.

நம் ஊர்களில் நடப்பது இதுதான். ஒருத்தி மருந்துக் கடைக்குப் போய் "மங்குக்கு ஏதாவது குடுங்க" என்பாள். கடைக்காரர் ஒரு சிறிய டியூபை எடுத்துக் கொடுப்பார். அதில் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின் ஆகிய மருந்துகளோடு மொமெட்டசோன் போன்ற ஒரு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். மருத்துவர் கண்காணிப்பில் சில வாரங்களுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டிய கலவை அது. பூசிய பத்து நாளில் முகம் வெளுத்துப் பளபளக்கும். ஒரம்பரை, அதாவது உறவெல்லாம், என்ன பூசுகிறாய் என்று கேட்கும். டியூபின் பெயர் வாட்ஸ்அப்பில் தெரு முழுவதும் போய்விடும். நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கும் என்பதால் நிறுத்தவும் முடியாது. மாதக்கணக்கில் பூசப் பூசத் தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் சிவப்பு நூல்களாகத் தெரிந்து, பருக்கள் வெடித்து, கன்னத்தில் முடி வளர்ந்து, கடைசியில் பழைய மங்கு இரட்டிப்பாகத் திரும்பி வரும். ஹைட்ரோகுயினோனை ஆண்டுக்கணக்கில் பூசினால் நீலம் பாய்ந்த கருமை ஒன்று தோலில் தங்கிவிடும். அது எளிதில் போகாது. ஸ்டீராய்டால் கெட்ட முகம் என்று தோல் மருத்துவர்கள் இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள் என்றால் எத்தனை பேர் இப்படி வந்திருக்க வேண்டும் என்று பாருங்கள். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்கு மாற்றியது. கடைகளில் அந்தப் பட்டியலுக்கு என்ன மதிப்பு இருக்கிறது என்பதை வாசகர்கள் தங்கள் தெருமுனையிலேயே பார்த்துக்கொள்ளலாம். டியூபில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் போன்ற பெயர் ஏதாவது இருந்தால் அதை முகத்துக்குச் சொந்தமாகப் பூசக் கூடாது. ஏற்கெனவே பூசிக்கொண்டிருப்பவர்கள் ஒரேயடியாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாக விட வேண்டும்.

பெயரே இல்லாத, தயாரித்தவர் முகவரி இல்லாத வெளிநாட்டுக் களிம்புகள் இதைவிட மோசம். 2023-ல் பாலக்காட்டுக்கு அடுத்த மலப்புறம் மாவட்டத்தில், முகம் வெளுக்கும் களிம்பு பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை அங்குள்ள மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். காரணம், அந்தக் களிம்புகளில் இருந்த பாதரசம். தோலில் மெலனின் உருவாவதைத் தடுப்பதால் பாதரசம் உண்மையிலேயே முகத்தை வெளுக்க வைக்கும். அதே நேரத்தில் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரக வடிகட்டியைக் கெடுக்கும். கால் வீங்குவதும் சிறுநீர் நுரைப்பதும் அதன் அறிகுறிகள். 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் தன் பெயரில் இருந்த வெளுப்பை எடுத்துவிட்டது. நம் கல்யாணப் பந்தல்களில் அந்த ஆசை இன்னும் முழு மரியாதையோடு உட்கார்ந்திருக்கிறது.

மங்குக்கு உண்மையில் செய்ய வேண்டிய முதல் காரியம் வெயிலைத் தடுப்பதுதான். சித்திரை வெயிலில், புற ஊதாக் கதிர்களின் கடுமையைக் காட்டும் புற ஊதாக் குறியீடு நம் பகுதியில் 11-ஐத் தாண்டுகிறது. சன்ஸ்கிரீனை வெள்ளைக்காரர்கள் கடற்கரையில் பூசுவது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் நம்பூர் என்ற ஊரில் நடந்த ஆய்வில், தினமும் பூசியவர்களுக்கு, தோன்றியபோது மட்டும் பூசியவர்களைவிடத் தோல் மூப்பு 24 சதவீதம் குறைவாக இருந்தது. 2013-ல் அந்த முடிவு வெளிவந்தது. சன்ஸ்கிரீன் டியூபில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் என்ற எண் 30 என்றால் புற ஊதா பி கதிர்களில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்றால் 98 சதவீதம். ஆகவே எண்ணைத் துரத்துவதைவிட, முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் எடுத்துப் பூசுவதும், வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுவதும் முக்கியம். மங்கு உள்ளவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கெடுதல் செய்வதால், அயர்ன் ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறச் சாயல் உள்ள வகை நல்லது. இதெல்லாம் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது என்பதும் எனக்குத் தெரியும். நூறு நாள் வேலைக்கும் மஞ்சள் வெட்டுக்கும் போகும் எங்கள் ஊர்ப் பெண்கள், சீலைக்கு மேல் வீட்டு ஆண்களின் முழுக்கைச் சட்டையை மாட்டி, தலையோடு சேர்த்துக் காதையும் கன்னத்தையும் துண்டால் கட்டிக்கொண்டு போகிறார்கள். கெட்டியாக நெய்த துணி, எந்த டியூபையும்விட நம்பகமான தடுப்பு. அந்தக் கோலத்தைப் பார்த்து டவுன் பெண்கள் சிரிப்பதுண்டு. அந்தச் சட்டைக்குள் இருக்கும் கைகளையும், ஸ்கூட்டியில் போகும் தங்கள் கைகளையும் அவர்கள் ஒருநாள் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கழுத்தின் பின்புறமும் அக்குளும் கருத்து, வெல்வெட் போலத் தடித்தால் அது அழுக்கு இல்லை. தேய்த்தால் இன்னும் கருக்கும். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது. சர்க்கரையைப் பார்க்க வேண்டும். தாடையில் ஒன்றிரண்டு முடி முளைப்பது மாதவிலக்கு நின்றவர்களுக்குச் சகஜம். நூலால் எடுத்தாலும் சிரைத்தாலும் அது தடித்து முளைக்காது. லேசர் செய்வதாக இருந்தால் முடி நரைப்பதற்குள் செய்ய வேண்டும், நரைத்த முடியில் அது பிடிக்காது. ஆனால் சில மாதங்களுக்குள் முகமெல்லாம் முடி வளர்ந்து குரலும் தடித்தால் மருத்துவரிடம் போக வேண்டும். கன்னத்தில் மிளகு போல் வரும் கருப்பு மருக்கள் தீங்கற்றவை. உள்ளங்காலில் பெரிதாகிக்கொண்டே போகும் கருப்புத் திட்டு அப்படியல்ல. அதைக் காட்டியே ஆக வேண்டும்.

பொட்டு வைக்கும் இடத்தில் வெள்ளையாகத் தெரிவதும் வயதால் வருவதில்லை. சில ஸ்டிக்கர் பொட்டுகளின் பசையில் இருக்கும் ஒரு வேதிப்பொருள் தோலின் நிற அணுக்களைக் கொல்கிறது. என் நங்கையாளுக்கு அது வந்தபோது, அந்த வெள்ளையை மறைக்க இன்னும் பெரிய ஸ்டிக்கராக வாங்கி ஒட்டினார். பொட்டில்லாமல் பிறர் முன் நிற்கக் கூடாது என்பது அவருடைய தலைமுறைக்குச் சாதாரண அச்சமில்லை. எங்கள் அம்மாயி முப்பது வயதுக்குள் கணவரை இழந்து, அன்றே வெள்ளைச் சீலைக்கு மாறியவர். பொட்டும் பூவும் போயின, ரவிக்கையும் போயிற்று, கூந்தலை இறுக்கி முடிந்துகொண்டார். பழைய படம் ஒன்றில் அவருக்கு முப்பத்தைந்து இருக்கும், அறுபது என்றுதான் யாரும் சொல்வார்கள். வயது அவரிடம் எதையும் எடுப்பதற்கு முன்பே ஊர் எடுத்துவிட்டது. இன்று எங்கள் பக்கத்தில் வெள்ளைச் சீலை அநேகமாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் கணவரை இழந்த ஒருத்தி புருவம் திருத்தினாலோ முடிக்குச் சாயம் அடித்தாலோ, யாருக்காக என்ற கேள்வி இன்றும் முணுமுணுக்கப்படுகிறது. சாயமும் களிம்பும் வேண்டாம் என்று நான் பொதுவாக எழுதிவிட முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். அம்மாயிக்கு ஒருநாளாவது மை எழுதிக்கொள்ளும் உரிமை இருந்திருந்தால் அவர் எழுதிக்கொண்டிருப்பார்.

நம் பெண்கள் அதிகம் அகப்பட்டுக்கொள்வது மகள் கல்யாணத்துக்கு முந்தைய மாதத்தில். சம்பந்தி வீட்டார் வருவார்கள், படம் எடுப்பார்கள் என்ற பதற்றத்தில் புதுக் களிம்பு, புதுச் சாயம், பார்லரில் ப்ளீச், கெமிக்கல் பீல் என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்துகொள்வார்கள். முகம் எரிந்து கருகினால் ஆறுவதற்கு நாள் இருக்காது. புதிதாக எதையும் தொடங்குவதாக இருந்தால் மூன்று நான்கு மாதங்கள் முன்னதாகத் தொடங்க வேண்டும், அதையும் தோல் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பெருந்துறையில் உள்ள ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தோல் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. பணம் ஒரு தடையாக வேண்டியதில்லை. போகும்போது பவுடர் பூசாமல், முதல் நாள் தலைக்கு எண்ணெய் வைக்காமல் போக வேண்டும். இதுவரை பூசிய டியூப், டப்பா, சாயப் பொட்டலம், தைலப் பாட்டில் எல்லாவற்றையும், காலியாகிவிட்டவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும். மருத்துவர் கேட்டால் "ஒண்ணும் போடலீங்க" என்று சொல்லும் வழக்கம் நமக்கு உண்டு. பையைக் கவிழ்த்துவிட்டால் அந்தப் பேச்சுக்கு இடமிருக்காது. எந்த டியூபை எந்த மாதம் தொடங்கினோம் என்பதையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால் அவருக்கு வேலை பாதியாகக் குறையும்.